பொன்னாடையும் பிரிக்கப்படாத புத்தகமும்

சென்ற ஆண்டு ஜூலையில், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தென்காசியை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் இலக்கிய மன்றத் தொடக்க விழா நடைபெற்றது. இளையோருக்கான நாவல்கள் எழுதிவரும் ஓர் எழுத்தாளர் சிறப்பு விருந்தினர். ‘எழுதுவது எப்படி?’ என்பது அவருக்குத் தரப்பட்டிருந்த தலைப்பு. அவரை அறிமுகம் செய்துவைக்கும் பொறுப்பு நமக்கு. கல்லூரித் தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் மேடையில் இருந்தால் விழாவுக்குக் கனம் கூடும் என்று கருதினார்கள் போலும்.

பள்ளியின் பெயரையும் எழுத்தாளரின் பெயரையும் தவிர்க்கிறோம். அந்த ஒரு பள்ளியில் மட்டும் நிகழும் பிழையாக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திருக்காது.

ஒன்பதரை மணிக்கே மாணவர்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார்கள். விழா தொடங்கியது பதினொன்றுக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மீண்டும் இன்னொருவர் கையால் இன்னொரு பொன்னாடை. தலைமையுரையில் சென்ற ஆண்டுத் தேர்ச்சி விழுக்காடு விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. பிறகு நம் முறை. நூலின் பின்னட்டையில் இருந்த ஆசிரியர் குறிப்பைச் சற்றே அலங்கரித்துச் சொல்லிவிட்டு அமர்ந்தோம். அந்த நூலை நாம் படித்திருக்கவில்லை. அதை அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை என்பதுதான் வியப்பு.

எழுத்தாளர் பேச எழுந்தபோது மணி பன்னிரண்டு. பேச்சைத் தொடங்குமுன், “என்னுடைய புத்தகம் ஏதாவது ஒன்றைப் படித்தவர்கள் கை தூக்குங்கள்” என்றார். சுமார் நானூறு பேர் இருந்த கூட்டத்தில், பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன். கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தானாம். “சார், அந்தப் பெட்டிய அவன் ஏன் தெறந்து பாக்காமலே ஆத்துல போட்டான்?” என்று கேட்டான். எழுத்தாளரின் முகம் மலர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள், “கேள்விகளை எல்லாம் கடைசியில் கேட்கலாம்” என்று ஒலிபெருக்கியில் ஓர் ஆசிரியரின் குரல் வந்தது. கடைசி என்று ஒன்று வரவில்லை. நேரமின்மை காரணமாக நன்றியுரை, நாட்டுப்பண். பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது.

அந்தப் பையனின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

எழுத்தாளர்கள் பள்ளிகளுக்கு வருவது நல்ல காரியம் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. கடையத்திலும் செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் படிக்கிற ஒரு பிள்ளைக்கு எழுத்தாளர் என்பவர் பாடநூலில் ‘நூல்வெளி’ என்ற கட்டத்துக்குள் இருக்கும் ஒரு பெயர், பெரும்பாலும் காலமானவர். வேட்டி கட்டி, பேருந்தில் வந்து இறங்கி, தேநீர் குடித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற ஒரு மனிதர்தான் கதை எழுதுகிறார் என்று நேரில் காண்பதே ஒரு கல்வி. இதை மறுக்கிறவர் குழந்தைகளை அறியாதவர். ஆனால் எழுத்தாளர் வருவதற்கு முன் அவருடைய புத்தகம் வந்திருக்க வேண்டும். புத்தகம் வராத இடத்துக்கு எழுத்தாளர் மட்டும் வருவாரானால், அங்கே நடப்பது ஒரு சடங்கு. குத்துவிளக்கு ஏற்றுவது போல எழுத்தாளரும் அச்சடங்கின் ஓர் உறுப்பு.

ஏன் இப்படி நடக்கிறது? நேரம் இல்லை, பணம் இல்லை என்பார்கள். அன்றைய விழாவுக்கு வாங்கிய பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், பதாகை ஆகியவற்றின் செலவில் அந்த நாவலில் ஒரு வகுப்புக்குப் போதுமான பிரதிகள் வாங்கியிருக்கலாம். ஒன்பதரை முதல் பதினொன்று வரை தரையில் வீணாக உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்நாவலின் பாதியை உரக்க வாசித்து முடித்திருக்கலாம். ஆகவே பணமும் நேரமும் காரணமாகா. காரணம் வேறு. எழுத்தாளரை வரவேற்கலாம், போர்த்தலாம், நன்றி சொல்லி வண்டியேற்றலாம். படிக்கப்பட்ட புத்தகத்தை அவ்வாறு அனுப்பிவைக்க இயலாது. அது பிள்ளைகளின் தலைக்குள் தங்கிவிடும். நாளைக்கு வகுப்பில் ஒரு கேள்வியாக எழுந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான், அறிந்தோ அறியாமலோ, புத்தகத்துக்குப் பதிலாக அதை எழுதியவரை அழைத்துக்கொள்கிறோம்.

மிகையாகச் சொல்கிறோம் என்று நினைப்பவர்கள் சில நூல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ தமிழாசிரியர் பலர் அறிந்த கதை. ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரு மாணவி அடி வாங்கி வாங்கி, வலி உறையாமல் இருக்கத் தன் உடம்பிலேயே சோதனை செய்துபார்த்து மாண்டுபோகிறாள். அதை ஒன்பதாம் வகுப்பு முழுவதும் படித்து முடித்த மறுநாள், பிரம்போடு உள்ளே நுழைகிற ஆசிரியரின் நிலை என்ன? யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் தொல்லை பற்றி, ஒரு மரப்பாச்சியின் வாயிலாக, பிள்ளைகளிடமே பேசுகிற நூல் அது. அந்நூலை ஒரு வகுப்பு படித்தால், “எனக்கும் இப்படி நடந்தது” என்று ஒரு சிறுமி யாரிடமாவது சொல்லக்கூடும். அதைக் கேட்டுக்கொள்ளவும் அடுத்து ஆவன செய்யவும் அந்தப் பள்ளியில் ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். நூலாசிரியரை மட்டும் அழைத்து ‘நல்ல கருத்துகள்’ நான்கு சொல்லச்சொன்னால் இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை.

பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்ல இயலாதவற்றைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். இளையோர் நாவல் என்று தனியே ஒரு வகை இருப்பதற்கான நியாயம் இதுவே. அந்த வகையைச் சேர்ந்த எழுத்தாளர் வந்திருந்த அன்றைக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அரங்கிலேயே இல்லை. பொதுத்தேர்வு வகுப்புகளாம், அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு. கூட்டத்தை நிரப்புவதற்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்டார்கள். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களை விலக்கிவிட்டு, மற்றவர்களுக்கு எழுத்தாளரைக் காட்சிப்படுத்தினோம்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் ஒரு பகுதி இருக்கிறது. அதைப் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முழு நாவலையும் நாம் கையில் கொடுத்திருக்கிறோம்? மதிப்பெண் உள்ள பகுதி முடிந்தவுடன் நாவலும் முடிந்துவிடுகிறது. கோவில்பட்டிக்கு அருகேயுள்ள இடைசெவல் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. கி.ரா.வோடு சேர்ந்து கதைகள் திரட்டிய கழனியூரன் இந்தத் தென்காசி வட்டாரத்திலேயே பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் கதைக்கும் பகை என்று இந்த மண்ணில் யாரும் விதிக்கவில்லை.

எழுத்தாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. மேடையும் ஒலிபெருக்கியும் கிடைத்தவுடன் நீங்கள் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களாக மாறிவிடுகிறீர்கள். இளமையில் பட்ட வறுமை, தெருவிளக்கில் படித்தது, முதல் கதை அச்சான நாள், வெற்றிக்கு ஐந்து படிகள். எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதுவது எப்படி என்று கேட்ட பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது உங்கள் கைப்பிரதி. அடித்தும் திருத்தியும் அலங்கோலமாகக் கிடக்கிற ஒரு தாளைக் கொண்டுவாருங்கள். “இந்த இடத்தில் அவன் பெட்டியைத் திறந்துவிடுவதாகத்தான் முதலில் எழுதினேன், பிறகு அடித்தேன், ஏன் என்றால்…” என்று தொடங்கினால் நானூறு பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் முயற்சியிலேயே சரியாக எழுதிவிட வேண்டும் என்று தேர்வு அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. அடித்து எழுதுவது குற்றம் என்றே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தகர்க்க ஓர் எழுத்தாளரால்தான் முடியும்.

மூன்றாவது குற்றவாளிகள் நாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் இதை எழுதும் நாமும்.

நாம் பயின்ற முதுகலையில் இளையோர் புனைவு என்று ஒரு தாள் இருக்கவில்லை. ஓர் அலகுகூட இருக்கவில்லை. சங்கம் முதல் பின்நவீனத்துவம் வரை எல்லாம் இருந்தன. சிற்றிதழ் மரபில் வந்த நாமோ சிறார் எழுத்தைப் பற்றிப் பேசுவதையே தகுதிக் குறைவாகக் கருதிப் பழகினோம். நமக்குப் பிடித்த இதழ்களில் ஓர் இளையோர் நாவலுக்குப் பாராட்டும் கண்டனமுமாக நான்கு பக்கம் விமரிசனம் வந்ததை எப்போது படித்தோம்? ‘குழந்தைகளுக்குப் பரிசளிக்க ஏற்ற நூல்’ என்ற ஒற்றை வரி மதிப்புரைகளையே கண்டிருக்கிறோம். அகாதெமியின் கணக்கும் நம் கணக்கைப் போலத்தான். பெரியவர்களுக்கு எழுதினால் விருதுத் தொகை ஒரு லட்சம். பிள்ளைகளுக்கு எழுதினால் ஐம்பதாயிரம். பால சாகித்திய புரஸ்கார் 2010இல் தொடங்கியது. அன்று முதல் அது பெற்ற தமிழ் நூல்களில் எத்தனையை நாம் படித்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தனிமையில் எண்ணிப் பார்க்கலாம். கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அவ்விருதைப் பெற்றபோது வாழ்த்துச் சொன்னவர்களில் நாமும் உண்டு. வாழ்த்திவிட்டு, நூலைப் படிக்க ஓராண்டு எடுத்துக்கொண்டோம்.

‘இதெல்லாம் இலக்கியமாகுமா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆகாதவையும் இருக்கும், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்பதே நம் விடை. ஆங்கிலத்தில் பிலிப் புல்மனின் இளையோர் நாவல் ஒன்று, 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசை, பெரியவர்களுக்கான நாவல்களையும் வாழ்க்கை வரலாற்று நூல்களையும் தாண்டி, ஆண்டின் சிறந்த நூல் என்று பெற்றது. குழந்தைகளுக்கான ஒரு நூல் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. நடுவர்கள் அதைப் படித்தார்கள் என்பதைத் தவிர அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

தமிழில் இந்த வயதினருக்கு எழுத்தே இருந்ததில்லை என்றும் சொல்ல இயலாது. வாண்டுமாமா இருந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் இருந்தார். பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவிக்காக மதிய உணவுக் காசை மிச்சம் பிடித்தவர்கள் நம் தலைமுறையிலும் நமக்கு முந்திய தலைமுறையிலும் ஏராளம். எந்தப் பள்ளியும் இவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் மறைத்துப் படித்தோம். பிடிபட்டால் புத்தகம் ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், திரும்பி வராது. இருந்தும் அவை வாசகர்களை உண்டாக்கின. பிற்பாடு புதுமைப்பித்தனிடமும் மௌனியிடமும் வந்துசேர்ந்தவர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள்தாம். இன்றைய எழுத்தாளருக்குப் பள்ளியின் வாசல் திறந்திருக்கிறது, மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது. வாசகர்தான் இல்லை.

இத்தனைக்கும் இது நடக்கிற இடம் குற்றாலத்துக்கு மிக அருகில். ரசிகமணி டி.கே.சி. (1882–1954) தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் அது. திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டின் வட்டத்தொட்டியிலும் பிறகு குற்றாலத்து வீட்டிலும் அவர் என்ன செய்தார்? கம்பனின் வாழ்க்கை வரலாறு பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார், சொல்வார், மறுபடி சொல்வார், கேட்பவர் காதில் அது இறங்கும்வரை சொல்வார். ராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து அமர்ந்து கேட்டார்கள். வழக்கறிஞர்களும் அறிஞர்களும் கூடிய சபையையும் அரசுப் பள்ளி மாணவர் கூட்டத்தையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று கேட்கலாம். சபை வேறுதான், முறையை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. நடுவில் ஒரு பாட்டு இருந்தது, எல்லோரும் அதைச் சுற்றி அமர்ந்தார்கள் என்பதே அந்த முறை.

அவரிடமிருந்து கற்க இன்னொன்றும் உண்டு. இது கம்பன் பாட்டு இல்லை, பிற்பாடு யாரோ நுழைத்தது என்று கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களை அவர் ஒதுக்கினார். அந்த முடிவுகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லும் துணிவு ரசனையின் பகுதி என்பதை அவர் காட்டினார். நம் பள்ளிகளில் எழுத்தாளரின் முன்னால் ஒரு பிள்ளை எழுந்து, “உங்க கதை நடுவுல போரடிச்சிது சார்” என்று சொல்ல முடியுமா? சொன்னால் என்ன ஆகும்? எழுத்தாளர் தாங்கிக்கொள்வார், பள்ளி தாங்கிக்கொள்ளாது. பிடிக்கவில்லை என்று சொல்ல அனுமதி இல்லாத இடத்தில், பிடித்திருக்கிறது என்ற சொல்லுக்கும் மதிப்பு கிடையாது.

குறை சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மைப் போன்றோருக்கு எளிது. ஆகவே நாம் வேண்டுவதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, எழுத்தாளர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய நூலில் பத்துப் பிரதிகளாவது பள்ளிக்கு வர வேண்டும். நானூறு பேர் வேண்டாம். நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பு போதும். நால்வருக்கு ஒரு பிரதி. வகுப்பாசிரியரும் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை விலக்கக் கூடாது. ஒரு பிற்பகல் போனால் பொதுத்தேர்வு கவிழ்ந்துவிடாது.

மூன்றாவது, பொன்னாடையை நிறுத்திவிட்டு எழுத்தாளருக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும் தர வேண்டும். பேச வரும் எழுத்தாளர்களுக்கு ஊதியம் தருவதில்லை என்பதற்காகவே 2016இல் புல்மன், ஆக்ஸ்போர்டு இலக்கிய விழாவின் புரவலர் பொறுப்பிலிருந்து விலகினார். மேடை போட்டவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கூலி கொடுக்கிற நாம், பேசியவரைச் சொந்தக் காசில் பேருந்தேற விடுவது கௌரவம் ஆகாது.

நான்காவது, கிடைக்கிற நேரத்தில் பாதி பிள்ளைகளின் கேள்விகளுக்கு. முன்கூட்டி எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்வித்த கேள்விகள் கணக்கில் சேரா.

இவை ஆகாத காரியங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அரசே 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களைப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. 2019இல் தனி மாவட்டமான தென்காசியிலும் நடக்கிறது. அச்சிட்ட தாளுக்குக் குறைவில்லை. அதைப் பிள்ளையின் கையில் வைத்து, உட்கார்ந்து, கூடவே படிக்கிற பெரியவர்தான் குறைவு.

அந்தப் பெரியவர் நாமாக இருக்கலாம். ஆனியிலும் ஆடியிலும் சாரலைக் காரணம் காட்டி எத்தனை இலக்கிய நண்பர்கள் குற்றாலத்துக்கு வருகிறீர்கள்! ஐந்தருவியில் குளித்து, அறை எடுத்துத் தங்கி, விடிய விடியப் பேசுகிறோம். கவிதைப் பட்டறைகள் கண்ட ஊர் இது. அடுத்த முறை வரும்போது ஓர் இளையோர் நாவலில் இரண்டு பிரதிகள் வாங்கி வாருங்கள். வருமுன் அதைப் படித்துவிடுங்கள். ஒரு பிற்பகல், ஒரு வகுப்பு. பள்ளியிடம் பேச வேண்டியதை நாம் பேசிக்கொள்கிறோம். மேடை இராது, பொன்னாடை இராது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம். நம் பங்குக்கு, படிக்காத நூலின் ஆசிரியரை இனி எந்த மேடையிலும் அறிமுகம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

விழா முடிந்த வாரத்தில் அந்த நாவலை வாங்கிப் படித்தோம். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சிறுவன் பெட்டியைத் திறந்து பார்க்காமலேதான் ஆற்றில் விடுகிறான். ஏன் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. நூலின் சிக்கலான முடிச்சு அதுதான். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைச் சரியாகத் தொட்டிருக்கிறான். முதுகலை முடித்து இருபது ஆண்டுகள் ஆகியும், அவனுக்குச் சொல்ல நம்மிடம் இன்னும் விடை இல்லை. அவனைத் தேடிப்பிடித்து, அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்க வேண்டும்.